தண்ணி டேங்க் எதிரே, பச்சை கேட்

அந்த அழைப்பு மணி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நூம்பலில் அண்ணன் வீட்டுப் பச்சை கேட்டின் வலது தூணில், தோள் உயரத்தில், இரண்டு திருகாணிகளில் நிற்கிறது. வாங்கியபோது வெள்ளை நிறம்; வெயில் பட்டுப் பட்டு இப்போது பழுத்துவிட்டது. மழை உள்ளே இறங்காமலிருக்க ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் குறுக்கே வெட்டி அதன் தலைக்கு மேல் பொருத்தியிருக்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், பேட்டரியில் ஓடும். பூந்தமல்லிக் கடைத்தெருவில் அண்ணி அதை வாங்கியபோது நானும் உடனிருந்தேன். கடைக்காரர் குருவி கத்துவது, கோயில் மணி அடிப்பது, சாமி பாட்டுப் பாடுவது என்று ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினார். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பாட்டுலாம் வாணாம்ணா. செத்தவன் எய்ந்து ஒக்காரணும். அந்த மாறி எதுனா கீதா?" கடைசி அலமாரியிலிருந்து இதை எடுத்தார் கடைக்காரர். அழுத்தியதும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார். "இதான்" என்றார் அண்ணி.

அண்ணி நானூறு மீட்டர் ஓட்டக்காரர். திருமுல்லைவாயிலில் பிறந்து, ஆவடியில் ஒரு மண் மைதானத்தில் ஓடிப் பழகி, தேசிய முகாம் வரை போனவர். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு நூம்பலுக்கு வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. அண்ணன் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் ஷிப்ட் மேற்பார்வையாளர். நான் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் துணை ஆசிரியர். அம்மாவையும் சேர்த்து நான்கு பேர், இரண்டு அறை, கொல்லைப்புறத்தில் ஒரு குளியலறை. இந்தக் குளியலறை இந்தக் கதையில் வரும் என்பதால் சொல்கிறேன்.

கல்யாணமாகி வந்த முதல் மாதத்தில் வீட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. உள்ளே ஒரு வெண்கலப் பதக்கம். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு தேசியப் போட்டியில் அண்ணி நான்காவதாக வந்திருந்தார். மூன்றாவதாக வந்தவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் பதக்கம் இவருக்கு நகர்ந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அண்ணி எடுத்துத் தன் துணி அலமாரியில் வைத்துக்கொண்டார். "மேடைல ஏறி வாங்கல, அது ஒரு கொறதான். ஆனா டெஸ்ட்டு எடுத்து குடுத்தது தம்பி. நாளைக்கு எம் பேர எவனும் அடிச்சிட்டு எய்த முடியாது" என்றார். அவருக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியமாக இருந்தது என்று எனக்குப் புரிய நாளாயிற்று. தான் சுத்தமாக ஓடுகிறவள் என்று பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சோதனைக்காரர்கள்தான் தர முடியும் என்று அவர் நம்பினார். மற்ற வீரர்கள் அவர்களைத் தொல்லை என்றார்கள். அண்ணி மட்டும், "வரட்டும், டெய்லி வரட்டும், நானா வாணான்னேன்" என்பார்.

முன்னணியில் இருக்கும் வீரர்களுக்கு ஒரு விதி உண்டு. அடுத்த மூன்று மாதங்களில் ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவோம், எங்கே பயிற்சி செய்வோம், எந்த ஒரு மணி நேரத்தில் எந்த இடத்தில் உறுதியாக இருப்போம் என்பதை டெல்லியில் இருக்கும் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வருவார், சிறுநீர் மாதிரி எடுப்பார். வந்தபோது ஆள் இல்லையென்றாலோ, கொடுத்த தகவல் போதவில்லையென்றாலோ ஒரு குற்றக்குறி. ஒரு வருடத்துக்குள் மூன்று குறி விழுந்தால், மருந்து எடுத்தவருக்கு என்னவோ அதே வகைத் தடை. சொல்லிவிட்டு வந்தால் மருந்து உடம்பை விட்டு இறங்கும் வரை ஒளிந்துகொள்வார்கள் என்பதால் வந்த விதி. காரணத்தில் குறை சொல்ல முடியாது.

அண்ணி தேர்ந்தெடுத்திருந்தது காலை ஐந்திலிருந்து ஆறு. அந்த நேரத்தில் எப்படியும் வீட்டில்தான் இருப்பார். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஐந்து மணிக்கு எழுந்ததும் எல்லோரும் செய்வதை அவர் செய்ய முடியாது. போய்விட்டு வந்தபின் சோதனைக்காரர் வந்து நின்றால், மறுபடி வரும்வரை தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தண்ணீர் அதிகமாகிவிட்டால் மாதிரி நீர்த்துப்போனது என்று மறுபடி எடுப்பார்கள். அன்றைய பயிற்சி போய்விடும். ஆகவே ஆறு மணி வரை அடக்கிக்கொண்டிருப்பார். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டைப் பார்க்கப் போட்டு, காலை மடித்து உட்கார்ந்திருப்பார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அவருக்கு முடியாது. அந்த ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டமாயிற்று. அண்ணன் பல் தேய்க்கக் காத்திருப்பார். "இது என்னாம்மா வேண்டுதல்? எந்தச் சாமிக்கு?" என்று அம்மா கேட்டார். "டெல்லி சாமி அத்தே" என்றார் அண்ணி. சரியாக ஆறு மணிக்கு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடுவார். அதுதான் அவருடைய நாளின் முதல் ஓட்டம் என்று அண்ணன் கேலி செய்வார்.

முதல் முறை சோதனை அதிகாரி வந்தது நன்றாக நினைவிருக்கிறது. நடுத்தர வயதுப் பெண், தோளில் பெரிய பை, கையில் அட்டை. அம்மா காபி போட்டுவிட்டார், அதிகாரி வாங்கவில்லை. என்னையும் அண்ணனையும் தெருவில் நிற்கச் சொன்னார்கள். கேட்டுக்கு வெளியே நின்றபடி உள்ளே நடந்ததைக் காதால் கேட்டோம். அதிகாரியும் குளியலறைக்குள் போகிறார் என்பது அம்மாவுக்குப் பிடிபடவில்லை. "உள்ள என்னா பாம்பா இருக்குது, நீங்களும் கூடப் போறதுக்கு?" "ரூல்ஸும்மா." "போறத நின்னு பாக்கறதா ரூல்ஸு?" அண்ணியின் சிரிப்புக் கேட்டது. "வுடுங்க அத்தே. அவங்க பாக்கலன்னா நான் உங்குள்தப் புடிச்சி குடுத்துருவேனாம்." "எங்குள்தா? சீ, எனக்கு சுகருடி." சட்டையை மார்பு வரை தூக்கி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, இன்னொருவர் கண்ணெதிரில் குப்பியை நிரப்ப வேண்டும். குழாய் வைத்து, பை வைத்து ஏமாற்றியவர்கள் இருந்ததால் வந்த முறை இது. இதற்கும் காரணம் இருக்கிறது. ஒருநாள் அண்ணி இதைப் பற்றிச் சொன்னார். "மொத தபா பத்தொம்போது வயசு தம்பி. அய்துட்டேன். அப்பால பயகிடுச்சி. பயகிடுச்சி பாரு, அதான் இப்ப நெனச்சா ஒரு மாறி கீது."

இத்தனைக்குப் பிறகும் யார் சிக்குகிறார்கள் என்பது வேறு விஷயம். அந்த வருடம் மாநில அளவிலான ஒரு போட்டிக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். முதல் நாள் பெண்கள் நானூறு மீட்டரில் இறுதிக்குத் தகுதி பெற்றவர்கள் எட்டுப் பேர். மறுநாள் மதியம் சோதனைக் குழு வந்திருக்கிறது என்று மைதானத்தில் பேச்சுப் பரவியது. மாலை துப்பாக்கி வெடித்தபோது கோட்டில் நின்றவர்கள் மூன்று பேர். மைதானக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்ததை நானே பார்த்தேன். ஒரு பயிற்சியாளர் என்னிடம், "அஞ்சு பேருக்கும் தொடைல புடிச்சிகிச்சி சார். தரை சரியில்ல" என்றார், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அண்ணி முதலாவதாக வந்தார், சோதனையும் கொடுத்தார். நான் அலுவலகத்துக்குப் போய், ஐந்து பேர் காயம் காரணமாக விலகினர் என்று எழுதினேன். அமைப்பாளர்கள் சொன்னது அதுதான். வேறு எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. மறுநாள் காலை, நாற்காலியில் காலை மடித்தபடி அண்ணி அதைப் படித்தார். "அஞ்சு பேருக்கும் ஒரே நேரத்துல காயமா? சூப்பர் தம்பி. ஆஸ்பத்திரி பேரும் போட்டிருக்கலாம்." பிறகு பேப்பரை மடித்துவிட்டு, "எட்டு பேரோட ஓடி நாலாவதா வர்லாம். மூணு பேர்ல பஸ்ட்டு வந்தா அது இன்னா பஸ்ட்டு" என்றார்.

முதல் குறி விழுந்ததில் அண்ணியின் தவறு இருந்தது. அவர் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று திருமுல்லைவாயிலுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டார். பதிவை மாற்ற மறந்துவிட்டார். இரண்டாவதில் மின்தடை. அதிகாரி ஐந்தரைக்கு வந்து, அப்போதிருந்த பழைய மின்சார மணியை அழுத்தியிருக்கிறார், அடித்தது என்று நினைத்துக் காத்திருக்கிறார். வாரம் முழுக்க முகாமில் ஓடிவிட்டு வந்த அசதியில் அண்ணி அன்று ஒருநாள் வராந்தாவுக்கு வராமல் உள்ளே தூங்கிவிட்டார். நாய் குரைத்தது, நாய் தினமும் குரைக்கும். கேட்டைத் தட்டியதாகவும் அதிகாரியின் குறிப்பு சொன்னது. அதை மறுக்க எங்களிடம் எதுவும் இல்லை. அந்த வாரமே பூந்தமல்லிக்குப் போய் அந்த மணியை வாங்கி வந்தோம். அண்ணன் பொருத்தினார், அண்ணி அழுத்திப் பார்த்தார், அம்மா உள்ளேயிருந்து, "யார்ரா அது, போலீஸா?" என்று ஓடி வந்தார்.

அன்றைக்குத்தான் நான், இனிமேல் படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன் என்றேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதுவரை அண்ணி கைப்பேசியில் கட்டைவிரலால், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். விலாசம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வீட்டு எண்ணே இல்லை. 'தண்ணி டேங்க் எதிரே, பாய் மட்டன் கடை சந்து உள்ள, லெப்ட்ல பச்சை கேட், நாய் கீது, கடிக்காது.' எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து வருடங்களாகப் பிறர் எழுதியதில் வேண்டாத சொல்லை அடிப்பது என் வேலை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இப்படி ஒரு விலாசமா என்று தோன்றியது. சொத்துவரி ரசீதை எடுத்துவரச் சொன்னேன். அதில் இருந்த புதிய கதவு எண், மூன்றாவது குறுக்குத் தெரு, நகரின் பெயர், பின்கோடு என எல்லாவற்றையும் ஓர் எழுத்துப் பிசகாமல் பதிந்தேன். டேங்க்கையும் கடையையும் கேட்டையும் நாயையும் எடுத்துவிட்டேன். அண்ணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, டேங்க்க தூக்கிட்டீங்க?" "இதுதான் அண்ணி சரியான விலாசம். கவர்ன்மென்ட் ரெக்கார்டுல இருக்கறது." "பாய் கடையாவது இருக்கட்டுமே." "வேணாம் அண்ணி, குழப்பம் ஆயிடும்." படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார்.

இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்கு நான் செய்தது என்னவென்று இப்போதே தெரிந்திருக்கும். நூம்பல் வயலாக இருந்து மனையானது. முதலில் ஒரு பக்கம் மனை போட்டு நகர் என்று பெயர் வைத்தார்கள். அது விற்றுத் தீர்ந்ததும் சாலைக்கு அந்தப் பக்கம் அதே பெயரில் விரிவு. இரண்டிலும் ஒன்றிலிருந்து தொடங்கும் குறுக்குத் தெருக்கள். இரண்டிலும் எண்கள் ஒன்றிலிருந்து. ரசீதில் இருந்த புதிய எண் எங்கள் வீட்டுச் சுவரில் கிடையாது; தெருவில் எவர் வீட்டுச் சுவரிலும் கிடையாது. காஸ் சிலிண்டர்காரர், கூரியர் பையன்கள், சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் சந்து முனையில் நின்று போன் செய்வார்கள். "டேங்க் தெரிதா? அப்டியே லெப்ட்டு" என்று யாராவது கத்துவோம். சோதனை அதிகாரி போன் செய்யக் கூடாது. செய்தால் அது எச்சரிக்கை ஆகிவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் வேண்டுமானால் அழைக்கலாம், கட்டாயமில்லை. அண்ணியின் கைப்பேசி அன்று அடிக்கவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தியத் தொடர் ஓட்ட அணிக்கான தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அண்ணி வாழ்க்கையிலேயே வேகமாக ஓடிக்கொண்டிருந்த பருவம் அது. ஐந்து மணிக்கு எழுந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், யாரும் குழாயைத் திறக்கவில்லை. ஆறு மணிக்கு எழுந்து போனார். அதே ஒரு மணி நேரம், சாலைக்கு அந்தப் பக்கம், விரிவில், மூன்றாவது குறுக்குத் தெருவில், அதே எண் எழுதியிருந்த ஒரு வீட்டு வாசலில் அதிகாரி நின்றிருந்தார். வேறு அதிகாரி, ஊருக்குப் புதியவர். கதவைத் திறந்தவர் அப்படி இங்கே யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி விதிப்படி அந்த ஒரு மணி நேரம் முடியும் வரை ஆட்டோவில் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார். புதிய மணி அன்று அடிக்கவே இல்லை.

அதிகாரி வந்து போனதையும் மூன்றாவது குறி விழுந்ததையும் பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தபோதுதான் அறிந்தோம். கடிதம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தது. தபால்காரர் எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்ப்பார். விசாரித்துக்கொண்டு நான் மட்டன் கடைக்குப் போனேன். பாய் கத்தியைத் துடைத்தபடி யோசித்தார். "ஞாயித்துக்கெழம விடியங்காட்டியா? ஆமாப்பா. ஒரு அம்மா, பெரிய பை வெச்சிகினு, ஆட்டோவ நம்ம கடையாண்ட நிறுத்தி போன பாத்துகினே இருந்தாங்க. வழி கேப்பாங்கன்னு நெனச்சேன். கேக்கல. அந்தாண்ட போய்ட்டாங்க. கேட்டிருந்தா கையப் புட்ச்சி இட்டாந்து உட்டிருப்பேனே, தம்பி." கடை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். பச்சை கேட் தெரிந்தது.

விசாரணை மடிக்கணினியில், காணொளியில் நடந்தது. மூன்று பேர் குழு, மரியாதையாகவே பேசினார்கள். நான் சாட்சியாக உட்கார்ந்து, விலாசத்தை மாற்றியது நான், அண்ணிக்கு இதில் பங்கில்லை என்றேன். பழைய விலாசத்தைக் கொண்டு அதிகாரிகள் ஒவ்வொரு முறையும் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதையும் காட்டினேன். குழுவில் இருந்த முதியவர், "அப்படியானால் அந்த அடையாளங்களை ஏன் நீக்கினீர்கள்?" என்று கேட்டார். தேவையில்லாத சொற்கள் என்று நினைத்தேன் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். பிறகு விதியைப் படித்தார்: படிவத்தை யாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு வீரருடையது மட்டுமே. இதை அண்ணிக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அநியாயம் என்று அண்ணன் பக்கத்து அறையில் கத்தினார். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. கொழுந்தன் தப்பாக எழுதிவிட்டான் என்பதை ஒரு முறை ஏற்றுக்கொண்டால், நாட்டில் மருந்து எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கொழுந்தன் கிடைத்துவிடுவான். அந்த விதியை நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அன்று மாநிலப் போட்டியில் தொடை பிடித்துக்கொண்ட ஐந்து பேரில் ஒருவருக்கும் ஒரு குறியும் விழவில்லை. முன்னணிப் பட்டியலில் இல்லாததால் அவர்களுக்கு இந்தப் படிவமே கிடையாது. வலை ஒழுங்காகத்தான் பின்னப்பட்டிருந்தது. அதற்குள் வந்து தினமும் உட்கார்ந்திருந்தவர் அண்ணி ஒருவர்தான்.

தவறில் அலட்சியம் குறைவு என்று இரண்டு வருடத் தடையை ஒரு வருடமாகக் குறைத்தார்கள். அந்த மாலை நான் வேலையில் இருந்தேன். ஏழு மணி வாக்கில் செய்தி முகமையிலிருந்து தடைச் செய்தி வந்தது. ஆறு வரி. தலைப்புக்கு ஒற்றைக் காலம், அதாவது ஒரு பத்தி அகலம், இரண்டு வரி. பொறுப்பிலிருந்த தலைமைத் துணை ஆசிரியருக்கு யாரைப் பற்றிய செய்தி என்று தெரியும். "நீ தொடாதப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார். 'ஊக்கமருந்து விதிமீறல்: வீராங்கனைக்குத் தடை' என்று போட்டார். அவர் மேசைக்குப் போனேன். மருந்து எதுவும் எடுக்கவில்லை, விலாசப் பிழை மட்டும்தான் என்பது தலைப்பில் வரவேண்டும் என்றேன். "உள்ள இருக்குல்லப்பா?" "நாலாவது வரியில இருக்கு சார்." "சிங்கிள் காலம். நீயே சொல்லு, எங்க இடம் இருக்கு?" இடம் இல்லைதான். எழுத்தை எண்ணிப் பார்த்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன். அச்சுக்குப் போயிற்று.

மறுநாள் சந்து முழுக்க நான்காவது வரி வரை படித்தவர் ஒருவர் கூட இல்லை. அண்ணனிடம் டீக்கடையில் ஒருவர், "இன்னா மச்சான், ஊட்ல ஊசி கீசியா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு வந்துவிட்டார். பாய் மட்டும் கடைக்கு வந்தவர்களிடம் வாதாடிக்கொண்டிருந்தார். "ஊசி போடறவ எதுக்குயா வாரா வாரம் ஈரலுக்கு வந்து லைன்ல நிக்கறா? யோசிக்க வாணாம்?" அண்ணி பேப்பரை நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலைப்பின் மேல் விரலை வைத்து, "என் பேரு கூட இல்ல. வீராங்கனையாம்" என்றார். விரலை எடுத்துவிட்டு, "பேர் இருந்தா மட்டும் இன்னா" என்றார். எழுந்து உள்ளே போனார். அலமாரியில் இருந்த வெண்கலப் பதக்கத்தை அன்றைக்கு எடுத்துப் பார்த்தார் என்று அண்ணன் பிறகு சொன்னார்.

தடைக் காலத்திலும் படிவம் நிரப்ப வேண்டும், அதுவும் விதி. ஓடக் கூடாதவர் ஓடுவதற்காக மருந்து எடுக்கிறாரா என்று பார்க்க வருவார்கள். அண்ணி என்னை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல, நான் தட்டினேன். தண்ணி டேங்க் எதிரே, பாய் மட்டன் கடை சந்து உள்ள, லெப்ட்ல பச்சை கேட். நாய் கீது. நான் நிறுத்தினேன். "கடிக்காது. அதையும் போடுங்க" என்றார். போட்டேன். அந்த வருடம் மூன்று முறை வந்தார்கள். ஒவ்வொரு முறையும் முதல் சுற்றிலேயே வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அந்த மணி கடைசியில் வாங்கிய காரியத்துக்கு அடித்தது. அடித்ததும் எதிர்வீட்டில் விளக்கு எரியும். அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரு போட்டிக்குப் போகிறவர் போல முடியைக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறப்பார். "வாங்க மேடம். ஊடு கெடச்சிதா?" என்று கேட்பார். மூன்று முறையும் சோதனையில் ஒன்றும் இல்லை. சோதனையில் ஒன்றும் இல்லை என்பதற்கு எந்தப் பேப்பரிலும் தலைப்புக் கிடையாது. நானும் ஒன்று போட்டதில்லை.

தடை முடிந்து திரும்பினார். மைதானம் மறுத்த அந்த வருடத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் தனியாக ஓடியிருந்தார். ஆனால் போட்டியில் ஓடுகிறவரின் கால் வேறு, தனியாக ஓடியவரின் கால் வேறு. இந்திய அணிக்கு அருகில் அதற்குப் பிறகு வரவில்லை. ஓய்வு பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் படிவத் தொல்லை ஒழியும் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். "ஏன் ஒயியணும்? வரட்டும். வந்து வந்து ஒண்ணும் இல்லன்னு எய்திகினு போவட்டும். எங்கியாவது ஒரு பைல்ல சேருமில்ல?" என்றார். போட்டிகளில் கடைசியாக வந்துகொண்டிருந்தபோதும் இரண்டு வருடம் நாள் தவறாமல் பதிந்தார். பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். அவர் இனி முன்னணிப் பட்டியலில் இல்லை, இருப்பிடம் தெரிவிக்க வேண்டியதில்லை, ஒத்துழைப்புக்கு நன்றி. "அவ்ளோதானா?" என்றார். "அவ்ளோதான் அண்ணி." "சுத்தம்னு ஒரு வார்த்த போடலியா?" மறுபடி மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். போடவில்லை.

நான் இப்போது அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன்; பேப்பர் வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போய் நூம்பலில் இரவு தங்கினேன். நாய் இப்போது இல்லை. எல்லா வீட்டுச் சுவரிலும் மாநகராட்சி நீல நிறத்தில் எண் பலகை அடித்துவிட்டது. சந்து முனையில் நின்று யாரும் கத்துவதில்லை. மணி அடிக்கவில்லை, பேட்டரி போய்விட்டது என்று அம்மா சொல்லியிருந்ததால் புதியது வாங்கி வந்திருந்தேன். விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. ஐந்தேகால் இருக்கும். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறக்கலாம் என்று எழுந்தவனை அண்ணன் படுக்கையிலிருந்தே, "டேய்" என்று அதட்டினார். "அவ ஒக்காந்துகினு கீறா." அவர் பேச்சும் இத்தனை வருடத்தில் அண்ணியின் பேச்சாக மாறிவிட்டது. வராந்தாவில் எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. உள்ளறையில் கட்டில் ஓரத்தில், இருட்டில், காலை மடித்து உட்கார்ந்திருந்தார் அண்ணி. வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். "ஒடம்பு கேக்க மாட்டேங்குது தம்பி. ஆறு அடிச்சாத்தான் வருது" என்று முன்பொரு முறை சொல்லியிருந்தார்.

சத்தமில்லாமல் வெளியே போய், ஐஸ்கிரீம் டப்பாவை நகர்த்தி, திருகாணிகளைக் கழற்றிப் புது பேட்டரியைப் போட்டேன். சரியாகப் பொருந்தியதா என்று தெரியவில்லை. யோசிக்காமல் அழுத்திவிட்டேன். சந்தே அதிர்ந்தது. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே வெறுங்கால் ஓடிவரும் சத்தம். அந்த வேகம் அவருக்கு இன்னும் இருந்தது. கதவு திறந்தது. முடியைக் கையில் அள்ளிப் பிடித்தபடி அண்ணி கேட் வரை வந்தார். தூணருகில் திருப்புளியோடு நிற்கும் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் சந்து முனை வரை ஒரு முறை பார்த்தார். யாரும் இல்லை. கை மெல்லக் கீழே இறங்கியது.

"இன்னா தம்பி" என்றார். "ஊடு கெடச்சிதா?"